பூக்கூடை பஸ்ஸும் முதல் மணி ஆஜரும்

போன வாரம் ஆரல்வாய்மொழியில் ஒரு கல்யாணம். சாப்பிட்ட களைப்பில் அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை நாகர்கோவில் பஸ் ஏறினேன். தோவாளையில் வண்டி நின்றது. நின்றது என்றால்... நின்றதுதான்!

கூரை மேல் பூக்கூடைகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஈரச் சாக்கிலிருந்து வடிந்த தண்ணீர் ஜன்னல் வழியாக என் வெள்ளைச் சட்டையில் சொட்டுகிறது. கண்டக்டர் வெற்றிலை போடப் போய்விட்டார். மணி ஒன்பதே முக்கால். என் பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் மாணவர் — மடியில் நோட்டு, வாயைத் திறந்தபடி நல்ல தூக்கம்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. தட்டி எழுப்பினேன். “தம்பி, பத்து மணிக்குக் கிளாஸ் இல்லையா?”

“உண்டு அண்ணாச்சி. ஆஜர் கடைசியிலதான எடுப்பாவ?” என்றார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

அடப்பாவி! இந்தத் தூக்கத்தை உனக்கு வாங்கித் தந்தது யார் தெரியுமா? நான்தான் என்று மார்தட்ட வாய் வரை வந்துவிட்டது. ஆனால் நான் இல்லையே... உங்களிடம் எதற்குப் பொய்?

சுதந்திரம் வந்த புதிது. நான் பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் காலேஜுக்கு வந்துகொண்டிருந்தேன். என்னை மாணவர் பிரதிநிதி ஆக்கினார்கள். காரணம், எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று ஒரு வதந்தி.

அப்போதெல்லாம் மணி அடித்ததும் பேர் வாசிப்பார்கள். வாசித்து முடிந்தபின் வருபவன், ஒரு நிமிஷம் பிந்தினாலும், அந்த மணிக்கு இல்லாதவன்தான். எங்கள் பஸ் நேரத்துக்கு வந்துவிடும். தோவாளைப் பக்கத்து பஸ்தான் பூ ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து வரும். அதில் வந்தவர்களுக்கு முதல் மணி தினமும் ஆப்சென்ட். ஆஜர் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது.

அப்படிக் குறைந்தவர்களில் முதல் பேர் பாக்கியம். இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம், தோவாளைப் பெண். கிளாஸில் யாருக்குக் கணக்கு புரியாவிட்டாலும் அவளிடம்தான் கேட்பார்கள். அவள் பரீட்சை எழுத முடியாது என்றால் பிறகு காலேஜ் எதற்கு?

பிரின்ஸிபாலிடம் போனேன். “ரூல் யூனிவர்சிட்டியோடது. நான் என்ன செய்ய?” என்று கையை விரித்தார்.

விடுவேனா? அப்போது எங்கள் யூனிவர்சிட்டி திருவனந்தபுரத்தில். அங்கே மனு எழுதினேன், இங்கிலீஷில். காலேஜ் நேரத்து பஸ்ஸில் பூக்கூடை ஏற்றுவதைத் தடை செய்ய யூனிவர்சிட்டி ஆவன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம். கையெழுத்துக்காக பாக்கியத்திடம் நீட்டினேன். வாசித்தாள். முகம் சிவந்துவிட்டது.

“என்ன எழுதியிருக்கிய? அந்தக் கூடை ஏறலேண்ணா நான் காலேஜே ஏற முடியாது, கேட்டியளா? எங்க அப்பாக்க கூடையாக்கும் அது!”

அவள் அப்பா பூ வியாபாரி என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாத பிரதிநிதி நான்!

“எங்க சந்தையில கூடைய எப்ப எண்ணுவாவ தெரியுமா?” என்றாள். “வண்டி கிளம்பும்போ. விடிஞ்ச உடனே எண்ணினா பொறவு வாற கூடை என்னாவும்? ஆஜரையும் கிளாஸ் முடியும்போ எடுக்கச் சொல்லுங்க. பூவும் வரட்டும், நாங்களும் வாறோம்.”

இவ்வளவுதானா? இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். புது மனு ஆறே வரி.

நேரில் போய்க் கொடுப்பது என்று முடிவாயிற்று. பாக்கியத்துக்குத் துணையாக அவள் அப்பாவும் வந்தார், தோளில் ஓர் ஏத்தங்குலையோடு, நேந்திரம்பழத் தார்தான்! பழுத்து மஞ்சள் பூத்த குலை, ஆள் உயரத்தில் பாதி.

“இது எதற்கு அண்ணாச்சி?”

“நல்லா கேட்டிய! பெரிய ஆளப் பாக்கப் போம்போ வெறுங்கைய வீசிக்கிட்டா போவாவ?”

நம்மூர் வழக்கம்... எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் யூனிவர்சிட்டி ரெஜிஸ்திரார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மேஜை மேல் குலை இறங்கியது. மைக்கூடு உருண்டது.

“இதென்ன, கைக்கூலியா? லஞ்சமா?” என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்! வெளியே நின்ற பியூன் எட்டிப் பார்த்தான்.

“ஐயோ ஏமானே! பிள்ளை பாக்கப் போனாலும் குலை கொண்டு போற ஆளுவ நாங்க...” என்று பாக்கியத்தின் அப்பா பதறினார். பாவம், அந்த மனுஷன் மேஜையில் சிந்திய மையைத் தோள் துண்டால் துடைக்கத் தொடங்கினார்.

பிரதிநிதி என்ன செய்தார் என்கிறீர்களா? பஸ்ஸில் மனப்பாடம் செய்த இங்கிலீஷ் முழுவதும் மறந்துபோய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாக்கியம்தான் முன்னால் வந்தாள். “சார், குலைய நாங்க திருப்பிக் கொண்டு போறோம். மனுவ மட்டும் திருப்பித் தராதீங்க.”

ரெஜிஸ்திரார் அவளை நிமிர்ந்து பார்த்தார். மனுவை வாங்கி வாசித்தார்.

“பஸ்ஸில் பூ ஏற்றித் தாமதம் செய்வது யார்?”

“இந்தா நிக்காவளே, எங்க அப்பாதான் சார்.”

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்புதான் என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். அலமாரியிலிருந்து தடித்த ரூல் புத்தகத்தை எடுத்தார். புரட்டினார், திரும்பவும் புரட்டினார்.

“ஒவ்வொரு மணிக்கும் ஆஜர் எடுக்கணும்னு இருக்கு. தொடக்கத்திலேயே எடுக்கணும்னு... இல்லையே!”

கேட்டீர்களா கதையை? ரூல் ரூல் என்று இத்தனை காலம் நாங்கள் பயந்தது வெறும் பழக்கத்துக்கு! இந்த நாட்டில் பாதிச் சட்டம் இப்படித்தான். யாரோ ஒருநாள் செய்தார், அடுத்தவர் தொடர்ந்தார், மூன்றாமவர் அதற்குச் சட்டம் என்று பேர் வைத்தார். புத்தகத்தைத் திறந்து பாருங்கள் என்று கேட்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இனிமேல் கடைசியில் எடுக்கலாம் என்று காலேஜுக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். “பழைய ஆப்சென்டை மன்னிக்க பிரின்ஸிபால் சிபாரிசு எழுதட்டும், பார்க்கலாம்.” பிரின்ஸிபால் மறுநாளே எழுதினார். பாக்கியம் பரீட்சை எழுதினாள். முதல் வகுப்பு! அன்றைக்கு எனக்கே பாஸான மாதிரி சந்தோஷம்.

குலை? ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து நாங்களும் பியூன்களும் உரித்துத் தின்றோம். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிய ரெஜிஸ்திரார் எங்களைக் கடக்கும்போது நின்றார். “வேலை முடிஞ்சாச்சு. இனி கைக்கூலி இல்லை” என்று தானே ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டு போனார். பாக்கியத்தின் அப்பா நாகர்கோவில் வடசேரி வரும் வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். பேர் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் காபி கிளப்புக்கு நழுவும் ஹாஸ்டல் கூட்டம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். காலேஜ் வாசலில் பஸ் நின்றபோது மணி பத்தேகால். முன் சீட்டிலிருந்து ஒரு பெண் குடையும் ஆஜர் புத்தகமுமாகக் குதித்து இறங்கி ஓடினாள். என் பக்கத்துத் தூங்குமூஞ்சி விழித்து, “ஐயோ, டீச்சர் முந்திட்டாவளே!” என்று பின்னாலேயே பாய்ந்தார்.

அந்த ஓட்டம் எனக்குத் தெரியாதா? ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். “பாக்கியம்! நீயும் கடைசியில்தான் ஆஜர் எடுக்கிறாயா?”

அவள் திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள், ஓட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை.

“பின்ன? அப்பாக்க கூடை இன்னும் இந்த பஸ்லதான வருது!”