சுவிட்சு மாமாவின் சிக்கனம்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவளுக்கு அருவருப்பு இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு நிறையவே இருக்கிறது. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் விழுகிற நகத்துண்டு, முடி, பிஸ்கட் தூள் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் குமட்டலே பழகிவிட்டது. அதைவிடக் குமட்டுவது, கொண்டுவந்து வைத்ததும் எல்லோரும் சொல்கிற அந்த ஒரு வாக்கியம்: "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னு போச்சு." சொல்லும்போது ஒருத்தருக்கும் வாய் கூசாது.

மாடி வீட்டுக் கம்ப்யூட்டரில் தூசியே இல்லை. பெட்டியைப் பிரித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. திரைமேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. ஆனாலும் நான் தொட்டதிலேயே அசிங்கமான வேலை அதுதான்.

அந்த வீட்டுப் பெரியவரை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சுவிட்சு மாமா என்போம். ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு நட்டு கேட்டு வந்தாலும் தேய்ந்துபோன பழைய நட்டைக் காட்டினால்தான் புதுசு தருவாராம். அதை அவரே பெருமையாகச் சொல்லுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்டிப்பு முழுவதும் எங்கள் மாடிப்படிக்கு வந்து சேர்ந்தது. படிக்கட்டு விளக்கு, மோட்டார், யார் வீட்டு வாசல் விளக்கு என்றெல்லாம் பார்க்க மாட்டார், எரிந்தாலும் ஓடினாலும் அணைத்துவிடுவார். கீழ்த்தளத்தில் இருக்கும் என் கடையையும் எட்டிப் பார்த்து, "ஏம்மா, பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு?" என்பார். இப்படியும் ஒரு மனிதரா என்று நானே நாலு பேரிடம் புகழ்ந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

மனைவி போய் ஏழு வருஷம். மகனுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் இருப்பது அவரும் மருமகளும்தான். எட்டரைக்கு டிபன், பதினொன்றுக்குக் காபி, ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்றே முக்காலுக்கு டீ என்று கடிகாரத்தைப் பார்த்தே அவள் பொழுது ஓடியது. அவளுக்குத்தான் வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கைக்கு எட்டும்போல் இருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் காதில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பரீட்சை. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சொந்தக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும், தவறினால் மறு வாய்ப்பு கிடையாது. புருஷன் அதற்காகத்தான் புதுசாக வாங்கி அனுப்பியிருந்தான்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டாள். ஆன் செய்தால் பழுதைச் சரிபார்ப்பதாக ஒரு நீலத் திரை, பிறகு இருட்டு, மறுபடியும் அதே நீலம். செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. புதுக் கம்ப்யூட்டர் முதல் சில நாள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். 'அணைக்க வேண்டாம்' என்று எழுதியும் காட்டும். நடுவில் கரண்ட்டைப் பிடுங்கினால் பாதி பழசு, பாதி புதுசாக நின்றுவிடும்.

"பாதியில ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்லக்கா. நான் ஒண்ணுமே பண்ணல."

எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அவ்வளவு பெரிசா எழுதிக் காட்டுதே, படிக்க மாட்டியா?" என்று கடித்து வைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சின்னப் பொண்ணு, விடும்மா. போகப் போகப் பழகிக்குவா" என்று மாமாதான் என்னைச் சமாதானம் செய்தார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் மூலப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். புதன்கிழமை போனபோது மேஜைக்குப் பின்னால் சுவரில் சுவிட்சு அணைந்திருந்தது. போட்டதும் மறுபடியும் நீலத் திரை. இந்தத் தடவை மூலப் பிரதியும் கெட்டிருந்தது. அப்போதுதான் அணைந்திருந்த சுவிட்சு நினைவுக்கு வந்தது.

"மாமா, இந்தச் சுவிட்சை நீங்க அணைச்சீங்களா?"

"ஆமாம்மா. அவ சமையல்கட்டுல நிக்கிறா, இது பாட்டுக்கு என்னமோ சுத்திக்கிட்டே இருந்துச்சு. கரண்ட்டு வீண்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், பழக்க தோஷம். "இதை மட்டும் தொடாதீங்க மாமா. நாளன்னிக்கு அவளுக்குப் பரீட்சை" என்றேன். "அடடா, தெரியாமப் போச்சே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் புதிதாக ஏற்ற வேண்டியதையெல்லாம் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கடையிலிருந்த யு.பி.எஸ்ஸையும் தூக்கிக்கொண்டு போனேன். சுவரில் கரண்ட் நின்றாலும் அது கால் மணி நேரம் தாங்கும். பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரில் நாற்பது சதவீதம் ஏறியதும் கை கழுவ உள்ளே போனேன். அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது யு.பி.எஸ் கீச் கீச்சென்று கத்தியது. மாமா சுவரோரம் நின்றிருந்தார். சுவிட்சை அணைத்திருந்தார். கை தானாகப் போயிருக்கும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆனால் திரை அணையவில்லை. அவர் திரையைப் பார்த்தார். மேஜைக்கடியில் கத்துகிற பெட்டியைப் பார்த்தார். முட்டி வலி என்று மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிற மனிதர், மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டி போட்டார். பெட்டியைத் தடவித் தடவிப் பட்டனைக் கண்டுபிடித்தார். சத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். திரை இருண்டது.

பக்கத்தில் டி.வி. யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் தொடவில்லை.

என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே எழுந்தார். "என்னமோ கத்துச்சும்மா, பயந்துட்டேன்." அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கூசியது. பின்னால் மருமகள் டீத் தம்ளருடன் நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

ஒயர்களைக் கழற்றினேன். அவள் திரையை எடுத்துக்கொண்டாள், நான் மற்றதை. படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்க்கா."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. நான் ஒண்ணுமே பண்ணலன்னு."

ஊரெல்லாம் பொய்யாகச் சொன்ன வாக்கியத்தை ஒருத்தி நிஜமாகச் சொல்லியிருக்கிறாள். அவளைப் போய்க் குதறியிருக்கிறேன். மாமா மேல் இருந்த அருவருப்பில் பாதி என் பக்கம் திரும்பியது.

கடையில் வைத்து ஏற்றியதும் ஒன்றரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்துகொண்டது. மறுநாள் பதினொரு மணிக்கு அவள் என் மேஜையிலேயே உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். வந்த ஆட்களையெல்லாம் நான் வாசலோடு அனுப்பினேன். சாயங்காலம் வேலை கிடைத்துவிட்டதாக மெயில் வந்தது.

சேதி கேட்டு மாமா இறங்கி வந்தார். "ரொம்ப சந்தோஷம். சரி, அதை மேல கொண்டு வந்துடுங்க. வீட்டுப் பொருள் வீட்டுல இருக்கணும்ல?" என்று ஆதரவுக்கு என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அது இங்கதான் இருக்கும் மாமா" என்றாள் அவள். "அக்கா ஒரு மூலை தரேன்னுட்டாங்க. திங்கட்கிழமையிலேர்ந்து ஒன்பது மணிக்கு வந்தா ஆறுக்குத்தான் மேல வருவேன்."

அவர் சிரிப்பு நின்றது. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து உண்மை வந்தது.

"அப்ப மதியம் எனக்கு யாரு சாப்பாடு போடுவா?"

"சமைச்சு மூடி வெச்சுட்டுத்தான் மாமா வருவேன். எடுத்துப் போட்டுக்கிட்டா போதும்."

பெரிய அநியாயம் நடந்துவிட்டதுபோல் அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நானேவா?" என்றார்.