அக்காவை யாரும் பிடிக்கவில்லை

ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எட்டுக் குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாய். தமிழில் ஆரம்பித்த சண்டையைத் தெலுங்கில் வளர்த்துக் கன்னடத்தில் முடித்துவைப்பது குழாயடியின் வழக்கம். மொழி தெரியாத காரணத்தால் எந்தச் செய்தியும் அங்கே நின்றுபோனதில்லை. அக்காவின் முதுகைப் பற்றிய செய்தியும் அப்படித்தான் பரவியது.

அக்கா அப்போது பிளஸ் ஒன். நான் ஐந்தாம் வகுப்பு. அவள் பள்ளிக் கபடி அணியின் முதல் ரைடர். எதிரணிக் களத்துக்குள் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போய், ஆளைத் தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்புவது அவள் வேலை. பிடித்து அமுக்கிவிட்டால் அவுட். கபடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எல்லாமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் அவள் முதுகில் பருக்கள் வந்தன. முகத்தில் ஒன்றிரண்டுதான். கழுத்துக்குக் கீழே தோள்பட்டை முழுவதும், முதுகின் மேல்பாதி முழுவதும் சிவந்து தடித்திருந்தன. சில சீழ் வைத்திருந்தன. சில தோலுக்கு அடியில் பட்டாணி போலக் கெட்டியாக இருந்தன. பழையவை கருத்த புள்ளிகளாக நின்றன. மல்லாந்து படுத்தால் வலிக்கும் என்று அக்கா குப்புறப் படுத்துத் தூங்கினாள்.

அம்மா ஒரே பார்வையில் காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

"எல்லாம் சூடு. வெயில்ல மண்ணுல உருண்டுக்கினு வந்தா வேற என்னா வரும்?"

சூட்டுக்கு எண்ணெய்தான் மருந்து. செவ்வாயும் வெள்ளியும் விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து தலையில் வைத்து, வழிவதை முதுகிலேயே தேய்த்துவிட்டாள். பிறகு பீர்க்கங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்தாள். பருக்கள் உடைந்தன. "பாரு, சூடு வெளிய வருது" என்று அம்மா திருப்தியடைந்தாள். மாம்பழம் நிறுத்தப்பட்டது, கோழி நிறுத்தப்பட்டது. மெடிக்கல் கடையில் சொல்லி ஒரு ட்யூப் வாங்கிப் பூசினார்கள். அது ஒரு வாரம் அடக்கிவிட்டு, அடுத்த வாரம் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. அப்பா ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலை பார்த்தார். இதைப் பற்றி அவர் கருத்து எதுவும் சொல்லவில்லை. விழித்திருக்கும் நேரம் அவருக்குக் குறைவு.

ஆடி மாதம் சூளகிரியிலிருந்து அத்தை வந்தாள். பாரம்பரிய முறைக்குத் திரும்பவேண்டும் என்றாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து முதுகு முழுக்கப் பூசி, அரிப்புக்கு நல்லது என்று பாயில் வேப்பிலையைப் பரப்பி அக்காவைப் படுக்கவைத்தாள். காலையில் அம்மா அந்த இலைகளைக் கூட்டி வாசலோரம் ஒதுக்கினாள். ஆடி மாதத்தில், ஒரு வீட்டு வாசலில் மஞ்சள் படிந்த வேப்பிலை கிடந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி இலையைப் பார்த்து நின்றார். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா, பாதிக் கண் மூடியபடி வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"பெரிய பாப்பாக்கா சார்? அம்மாவா?"

அம்மை வார்த்திருக்கிறதா என்பது கேள்வி. இலையைக் கூட்டிப் போட்டது யார் என்று கேட்பதாக அப்பா எடுத்துக்கொண்டார்.

"ஆமாங்க, அம்மாதான்."

ஆன்ட்டி எங்கள் வாசலை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மையைத் தமிழர்கள் அம்மா என்கிறார்கள். தெலுங்கில் அம்மவாரு. கன்னடத்திலும் அம்மாதான். சாயங்காலத்துக்குள் செய்தி கடைசி வீட்டுக் கன்னடக் குடும்பம் வரை போய்விட்டது. மறுநாள் குழாயடியில் எங்கள் குடத்தைப் பார்த்ததும் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அக்கா ஸ்டேட் பிளேயராகப் போகிறாள் என்ற மரியாதை என்று நான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம். கர்நாடக எல்லைப் பக்கத்துப் பள்ளி ஒன்று எதிரணி. கடைசி வீட்டுக்காரர்களின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அந்த அணியில் இருந்தாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் அணிக்கு யாரோ புண்ணியவான் புது ஜெர்சி வாங்கிக் கொடுத்திருந்தார். கையில்லாத ஜெர்சி. அக்கா உள்ளே முழுக்கை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தாள். நடுவர் அனுமதிக்கவில்லை. ஓரமாகப் போய்க் கழற்றிவிட்டு வந்தாள். தோள் இரண்டும் தெரிந்தன.

அன்று அக்கா ஆடியது போல நான் பார்த்ததே இல்லை. அவள் உள்ளே நுழைந்ததும் ஏழு பேரும் பின்வாங்கினார்கள். கை நீட்டினாள், சிதறி ஓடினார்கள். ஓடுகிறவர்களைத் தொட்டுவிட்டு நிதானமாக நடந்து திரும்பினாள். ரைடுக்கு ரைடு புள்ளி. நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஜெயித்தோம்.

வீட்டுக்கு வந்து அக்கா சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னை யாரும் புடிக்கலடி" என்றாள்.

"ஆமாக்கா! ஒருத்தர் கூட புடிக்கல!" என்றேன் பெருமையாக. அடுத்த நாள் வகுப்பில் எல்லோரிடமும் அதையே சொன்னேன். எங்கள் அக்காவை யாராலும் பிடிக்க முடியாது என்று.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியின் பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒட்டுவியாதி இருக்கிற பெண்ணை ஆடவிட்டார்கள் என்று எதிரணி புகார் கொடுத்திருக்கிறது. டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் இனி அவள் களத்தில் இறங்கலாம். இறுதி ஆட்டம் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு.

"அம்மை போட்டிருக்குன்னு வீட்டுக்காரரே சொன்னாராமே?" என்றார் டீச்சர்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா முதல்முறையாக முழுதாக விழித்துக்கொண்டார்.

கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு இளம்பெண். அக்காவைத் திரும்பி உட்காரச் சொல்லி, வெளிச்சத்தில் பார்த்து, இரண்டு இடத்தில் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"இது பரு. மூஞ்சில வந்தா பருங்கறீங்க. முதுகுல வந்தா மட்டும் ஏம்மா பேரை மாத்திடறீங்க?"

"ஒட்டுமாங்க?" என்றார் அப்பா.

"கட்டிப் புடிச்சாலும் ஒட்டாது."

"அப்ப சூடு இல்லீங்களா மேடம்?" அம்மா விடவில்லை.

"சூடும் இல்ல. இந்த வயசுல ஹார்மோன் மாறும். தோலுக்குள்ள எண்ணெய்ப் பசை ஜாஸ்தியா சுரக்கும். அது செத்த தோலோட சேர்ந்து மயிர்க்கால் துவாரத்தை அடைச்சுக்கும். கிருமி பெருகி, வீங்கிச் சீழ் வைக்கும். அதுக்கு மேல வேர்வை, இறுக்கமான ஜெர்சி. அதுக்கும் மேல நீங்க வேற எண்ணெய் ஊத்தியிருக்கீங்க. அடைச்சுக்கினு நிக்கிற சாக்கடையில எண்ணெய ஊத்துவாங்களா?"

மெடிக்கல் கடை ட்யூபைத் திருப்பிப் படித்துவிட்டு டாக்டர் குப்பைக்கூடையில் போட்டார். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். பருவைக் கொண்டுவருவதற்கு அது ஒன்றே போதுமாம். பீர்க்கங்காய் நாரையும் அதே கூடையில் போடச் சொன்னார். அது வீட்டில் இருந்ததால் தப்பித்தது.

எழுந்திருக்கும்போது அக்கா ஒன்று கேட்டாள். "தழும்பு போயிடுமா மேடம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கருப்பா இருக்கறதெல்லாம் கறைதான். மாசக் கணக்காகும், ஆனா மங்கிடும். குழி விழுந்ததும் மேடு தட்டினதும்தான் தழும்பு. அது தானா முழுசாப் போகாது. முதல்ல பரு அடங்கட்டும், அதுக்குத் தனியா வைத்தியம் இருக்கு. நீ கிள்ளாம இருந்தீன்னா புதுசா வராது. அது உன் கையில இருக்கு."

குளிக்கும்போது பூசிக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவ ஒரு மருந்து, ராத்திரி பூச ஒரு ஜெல், கொஞ்ச நாளைக்கு மாத்திரை. ஆட்டம் முடிந்ததும் ஜெர்சியைக் கழற்றிக் குளித்துவிடவேண்டும். வீட்டில் தளர்ந்த பருத்தித் துணி. "ரெண்டு மாசமாவது ஆகும். ஒரே வாரத்துல சரியாகலன்னு என்னை வந்து திட்டாதீங்க" என்று அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் சூளகிரி தாண்டும்வரை அம்மா மருந்துச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "எம்பொண்ணு முதுகைப் போயி சாக்கடைங்கறா பாரு" என்றாள்.

கழுவும் மருந்து தன் வேலையை முதலில் துணிகளில் காட்டியது. அம்மாவின் அரக்கு நிறத் துண்டில் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திட்டுகள் விழுந்தன. தளர்ந்த துணி என்று அக்கா போட்டுக்கொண்ட அப்பாவின் நீலக் கம்பெனிச் சட்டை முதுகில் வெளுத்துப்போனது. அதைக் கவனிக்காமல் அப்பா விடிகாலை ஷிப்டுக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டார். "என்னாங்க, முதுகுல உலகப் படம் வரைஞ்சுக்கினு வந்திருக்கீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம்.

அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. "துணியவே இப்படித் தின்னுதே, தோலு என்னாத்துக்கு ஆகும்? வேணாம், நிறுத்துடி."

"எம்முதுகு சாயம் போட்டதில்லம்மா. வெளுக்காது" என்றாள் அக்கா.

அம்மா ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி வந்து, அக்கா கண்ணில் படும்படி கொடியில் போட்டாள். எங்கள் வீட்டில் சமாதானம் இப்படித்தான் அறிவிக்கப்படும்.

முதல் வாரங்களில் தோல் காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு கிள்ளாமல் உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அப்புறமும் ஒன்றும் நடக்கவில்லை. தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு காலையில் நான் எழுந்தபோது அக்கா மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் சொன்னதை டீச்சர் எடுத்துச் சொல்லி, ஆடுவதற்கு அனுமதி வாங்கிவிட்டார். ஆனால் குழாயடியில் அந்தச் செய்தி நகரவே இல்லை. பருவுக்கு மூன்று மொழியிலும் மூன்று தனிச் சொற்கள். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் அக்கா குடத்தோடு கடைசி வீட்டுக் கன்னட ஆன்ட்டியிடம் போய், கழுத்தோரம் மிச்சமிருந்த ஒரு பருவைக் காட்டி, இதற்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று கேட்டாள்.

"இதா? மொடவெ."

"அவ்ளோதான் ஆன்ட்டி. முதுகுல வந்ததும் இதேதான்."

ஆன்ட்டி குனிந்து பருவைப் பார்த்துவிட்டு, அக்காவின் குடத்தைத் தானே குழாயடியில் வைத்தார்.

இறுதி ஆட்டத்தில் அதே எல்லைப் பள்ளி. அதே கையில்லாத ஜெர்சி. அக்கா இந்தமுறை உள்ளே எதுவும் போடவில்லை. தோளில் கருத்த புள்ளிகள் இருந்தன. இடது தோளில் இரண்டு குழிகள் இருந்தன. அவை இன்றும் இருக்கின்றன. டாஸ் போட்டதும் அக்கா நேராக எதிரணிக் கேப்டனிடம் போனாள். உயரமான பெண். நான் கோட்டோரம் உட்கார்ந்திருந்ததால் கேட்டது.

"அம்மா அல்ல. மொடவெ" என்றாள் அக்கா, தோளைக் காட்டி. பிறகு, "ஹிடி" என்றாள்.

பிடி என்று அர்த்தம்.

கேப்டன் அக்காவின் தோளைப் பார்த்தாள். தன் ஜெர்சியின் கழுத்தை ஒரு பக்கமாக இழுத்தாள். அவள் தோளிலும் நாலைந்து சிவப்பாக இருந்தன.

"நனகூ இதெ" என்று சிரித்தாள். எனக்கும் இருக்கிறது.

அக்காவின் முதல் ரைடிலேயே அந்தக் கேப்டன் கணுக்காலைப் பிடித்தாள். மற்றவர்கள் இடுப்பில், தோளில், முதுகில் விழுந்தார்கள். அக்கா அடியில் எங்கேயோ போய்விட்டாள். விசில். அவுட். எனக்கு அழுகை வந்துவிட்டது. குவியல் கலைந்ததும் முகமெல்லாம் செம்மண்ணோடு அக்கா எழுந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்போடே வெளியே போய் நின்றாள். அவுட்டானவள் அப்படிச் சிரித்தால் டீமுக்கு என்ன மரியாதை என்று எனக்குக் கோபம்.

கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமமாக நின்றன. அக்கா திரும்ப உள்ளே வந்திருந்தாள். பாடிக்கொண்டே போனாள். யாரும் ஓடவில்லை, ஏழு பேரும் கை கோத்து நின்றார்கள். ஓரத்துப் பெண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கேப்டன் பாய்ந்து இடுப்பைக் கட்டினாள். இன்னொருத்தி தோளில் தொங்கினாள். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு அக்கா விழுந்தாள். கோட்டுக்கு ஒரு சாண் பாக்கி. 'கபடி கபடி' நிற்கவில்லை. கை நீண்டது. விரல் நுனிகள் நடுக்கோட்டைத் தாண்டி மண்ணைத் தொட்டன.

விசில் ஊதியபோது மைதானம் எழுந்து நின்றது. பி.டி. டீச்சர் தன் விசிலைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு ரொம்ப நேரம் தேடினார். எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டியும் வந்திருந்தார், அக்காவின் முதுகைத் தட்டித் தட்டி, "எப்பா, என்னா பலம்!" என்றார். எடுத்த கையை அவர் முந்தானையில் துடைக்கவில்லை. இதையும் நான் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியாமல்.

பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்திருந்தது நான்தான். கேட்டுவிட்டேன். "முதல் ரைடுலயே புடிச்சிட்டாங்களே. எதுக்குக்கா சிரிச்ச?"

"எல்லாரும் புடிச்சாங்க, பாத்தியா?" என்றாள் அக்கா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

தலைக்கு அடி பட்டிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

வீட்டில் கோப்பையை வைத்துவிட்டு அம்மாவிடம் ஆட்டத்தை முழுவதுமாகச் சொன்னேன். ஜெயித்ததைச் சொன்னேன். நேர்மையாக இருக்கவேண்டும் என்று, குரலைத் தாழ்த்திக் குறையையும் சொன்னேன். "ஆனா ஒரு தடவ நல்லாப் புடிச்சிட்டாங்கம்மா. அஞ்சாறு பேரு. மேலயே விழுந்து அமுக்கிட்டாங்க."

தோசை திருப்பிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "மேலயே விழுந்தாங்களா?" என்றாள். "எல்லாருமா?"

"எல்லாரும்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தோசை கருகியது. உள்ளே அப்பாவும் சிரிக்கிற சத்தம் கேட்டது. புள்ளி போனதற்கு ஒரு குடும்பமே மகிழ்வதை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் வீட்டில் கபடி தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.