"குடிக்குதா வே?"

சவரிமுத்து அண்ணாச்சி போய்விட்டார். காலையில் அவர் மனைவி, எங்கள் மதினி, போன் பண்ணினார்கள்.

சேரன்மகாதேவி பக்கம் மரக்கழிவை எரித்துக் கரண்ட் எடுக்கிற பிளான்ட்டில் நாங்கள் ஒரே ஷிஃப்ட். அவர் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை பாய்லருக்கு அனுப்புவார். நான் பாய்லர் கன்ட்ரோல் ரூம்.

அவருக்குச் சொந்த ஊர் கடலோரத்து உவரி. "உப்புத் தண்ணிப் பக்கத்துல பொறந்தவனுக்கு உப்பெடுக்கிற வேலை... ஆண்டவருக்குக் குசும்பப் பாத்தீரா வே" என்று தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்வார்.

பம்ப்பை ஸ்டார்ட் பண்ணியதும் இன்டர்காமில் வருவார். ஹலோ எல்லாம் கிடையாது.

"குடிக்குதா வே?"

பாய்லரில் தண்ணீர் லெவல் ஏறுகிறதா என்று அர்த்தம். "குடிக்குது அண்ணாச்சி" என்று சொன்னால்தான் போனை வைப்பார்.

ஒருநாள் அந்த போனை, புதிதாக வந்திருந்த கோயம்புத்தூர் மேனேஜர் எடுத்துவிட்டார். "யாருய்யா குடிக்கறது? டியூட்டி டைம்லயா?" என்று ஒரே சத்தம்.

அண்ணாச்சி அசரவில்லை. "பாய்லர்தான் சார். காலையிலருந்தே குடிக்கு..."

அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அப்புறம் அவருக்குக் கிட்னி போனது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு நாளைக்குச் சின்ன டம்ளர் அளவுதான் தண்ணீர்.

போய்ப் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"இங்கனயும் ஒரு ரூம்ல நம்ம பிளான்ட் மாதிரியே தண்ணியில உப்பெடுக்காவ வே. அந்த மோட்டார் சத்தம் கேட்டாலே தாகமா வருது. பாய்லருக்கு எவ்வளவு குடுத்திருப்பேன்... எனக்கு ஒரு செம்பு தர மாட்டேங்காவ."

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீர்ச் செம்பு அவர் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் இருந்தது. என் கையிலிருந்த வாட்டர் பாட்டிலை மெதுவாகப் பைக்குள் வைத்தேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இன்று மதினி சொன்னார்கள். "இனி அவிய கேக்கதக் குடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி. நேத்து வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். ராத்திரியோட போயிட்டாவ."

எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"தண்ணி குடிச்சாவளா மதினி?"

"குடிச்சாவ. ஒரு செம்பு முழுசா... இன்னொரு செம்பும் கேட்டு வாங்கிக் குடிச்சாவ."

நாளை உவரியில் அடக்கம். ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு போகிறேன். இப்போது டியூட்டியில்தான் இருக்கிறேன்.

பாய்லர் குடிக்குது அண்ணாச்சி. நீங்க பைய போங்க.