ஓட்டை இல்லாத சுவர்

தையல்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் மெஷின் ஓடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்த வாரம் முழுக்கக் கேட்டது. அவளை அவ்வளவு கொதிக்க வைக்க உலகத்தில் ஒரே ஆளால்தான் முடியும். கூடப்பிறந்த அண்ணன்!

மெஷின், துணி, பிழைப்பு எல்லாமே அவளுக்குப் பின்னறையில்தான். அறைக்கு வெளியே சின்ன முற்றம், அதை ஒட்டி மண்மேடு. போன மழையில் மேடு சரிந்து, சேறு அறைக்குள் புகுந்து, தைத்து அடுக்கிய கல்யாணத் துணி அத்தனையும் பாழ். இன்னொரு தடவை இப்படி ஆனால் தொழிலையே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று புருஷனிடம் சொல்லி அழுதாள். மண்ணைத் தடுக்க மரத்தில் சுவர் எழுப்பலாம் என்று முடிவானது.

மரம் என்றால் அண்ணன்தானே! அவர் அலமாரி செய்கிறவர். அவர் போட்ட கதவிடுக்கில் காகிதம்கூட நுழையாது. தங்கை படிப்பை நிறுத்தியது அவர், மாப்பிள்ளை பார்த்தது அவர், அவள் மெஷினுக்கு நிறம் பார்த்ததுகூட அவர்தான். அவள் வாயைத் திறந்தால் போதும், "உனக்கென்ன தெரியும்?" என்பார்.

கம்பங்களை ஆழமாக நட்டார், தடிப்பலகைகளை அடுக்கினார். எல்லாம் சரி. ஆனால் அந்த மனுஷன் பலகைகளை இழைத்து, ஒன்றோடொன்று கவ்வ வைத்து, இருந்த இடுக்கிலும் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தாரே, அதை எங்கே போய்ச் சொல்வது!

"அண்ணே, தண்ணி வெளிய வர வழி விடுண்ணே. பின்னாடி கொஞ்சம் ஜல்லி கொட்டு. இறுக்கித் தச்ச சட்டையே மூச்சு விட்டா பிரிஞ்சுடும்."

"சட்டையும் சுவரும் ஒண்ணா? நான் செஞ்சதுல இடுக்கு இருக்குன்னு நாலு பேர் பார்த்தா என் மானம் என்னாகிறது? போய் டீ போடு."

போட்டாள். சர்க்கரை போடவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

சுவரைப் பார்க்க அக்கம்பக்கமே வந்து போனது. வார்னிஷ் பளபளப்பைத் தடவித் தடவிப் பாராட்டினார்கள். அப்புறம் மழை பிடித்தது. இரண்டாம் நாள் காலை சுவர் வயிறு ஊதி நின்றது. பதறிப்போய் அண்ணனைக் கூப்பிட்டாள். குடையும் கையுமாக வந்தவர் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"மரம் ஊறியிருக்கு, அவ்வளவுதான். சும்மா ஊரைக் கூட்டாதே."

அவர் சொல்லி முடிக்கவில்லை, நடுக்கம்பம் முனகிக்கொண்டு பின்னறைப் பக்கம் சாய்ந்தது. அவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ! அவர் விட்டுப்போயிருந்த பேட்டரி டிரில்லை எடுத்தாள்.

"ஏய், என் சுவர்ல கை வச்சே…"

"உன் சுவரா? என் பொழப்பு எனக்குப் பின்னாடி இருக்கு. தள்ளுண்ணே!"

அடிப்பலகையில் துளைத்தாள். பழுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து அண்ணன் வேட்டியை நனைத்தது. வரிசையாகத் துளைத்துக்கொண்டே போனாள். சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்தது. கம்பம் சாய்ந்தபடியே நின்றது, ஆனால் விழவில்லை. அறைக்குள் ஒரு சொட்டுச் சேறு வரவில்லை.

மழை விட்டதும் அண்ணன் சிரித்த முகமாக ஒரு பையோடு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று பாவம், அவள் நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டாள். பைக்குள் உருளையாகக் கடைந்து, வார்னிஷ் அடித்த மர அடைப்புகள் இருந்தன.

"அந்த ஓட்டையெல்லாம் பார்க்க அசிங்கமா இருக்குல்ல? ஒவ்வொண்ணுக்கும் அளவா செஞ்சிருக்கேன்."

இந்த மனுஷனை என்னதான் செய்வது! அவள் பையை வாங்கி, சுவருக்கு மேலே மேட்டில் கவிழ்த்துக் கொட்டினாள். பிறகு அவருக்குப் போட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்தாள்.

"இப்ப நீ போய் டீ போடுண்ணே. எனக்குச் சர்க்கரை தூக்கலா."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தார். அப்புறம், சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டார்.