மஞ்சள் நாடா கட்டிய மரங்கள்

என் ஆய்வு மேற்பார்வையாளரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அதனால் என்ன?

எண்பதுகளின் தொடக்கத்தில் உயிரியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் மரத்தில் பால் வடியக் கத்தியால் கீறுவதைப் பால் வெட்டுவது என்போம்; அப்படி வெட்டிய பட்டையில் மழைக்காலத்தில் ஒரு பூஞ்சை பிடிக்கும். கறுப்புக் கோடு கோடாக விழுந்து பட்டை அழுகும். அதைத் தடுக்க ஒரு புது மருந்தைப் பூசிப் பார்ப்பதுதான் என் ஆய்வு. இடம், மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த தோட்டம். அம்மா அப்போதும் அங்கேதான் பால் வெட்டிக்கொண்டிருந்தார். மழை முடிந்ததும் அந்த ரப்பர் காட்டை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடப்போவதாக முடிவாகியிருந்தது. ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு மழைக்காலம். அதில் கோட்டைவிட்டால் பட்டம் கிடையாது.

மருந்து பூசிய மரங்களுக்கு அடையாளமாக மஞ்சள் நாடா கட்டலாம் என்றார் மேற்பார்வையாளர். அவரும் தமிழர்தான். ஈப்போ டவுனில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். ரப்பர் காட்டுக்குள் கால் வைத்தவரில்லை.

"மஞ்சள் வேணாம் சார். தோட்டத்துல மரத்துக்கு மஞ்சள் கட்டினா சாமிக்குக் கட்டினதா நெனச்சிக்குவாங்க" என்றேன்.

சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களையும் பார்த்துச் சிரித்தார். "சயன்ஸ் படிக்கிற பொண்ணு பேசுற பேச்சா இது? உங்க ஆளுங்க மாறவே மாட்டீங்க லா."

உங்க ஆளுங்களாம்! இவர் குடும்பம் மட்டும் கப்பலில் வராமல் வானத்திலிருந்து குதித்ததா?

காட்டுக்கு நான் போக வேண்டாம், அது கூலிகளின் வேலை என்றும் சொல்லிவிட்டார். ஆய்வுக்கூட உதவியாளர் போய் மருந்து பூசி, நாடா கட்டி, பட்டைத் துண்டுகளை எடுத்து வருவார். நான் அவற்றைக் கண்ணாடித் தட்டுகளில் வைத்துப் பூஞ்சை வளர்கிறதா என்று பார்ப்பேன். நாடா கட்டாத மரங்களின் பட்டையில் பூஞ்சை பொங்கி வளர்ந்தது. நாடா கட்டிய மரங்களின் பட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாநாட்டில் வாசிக்கக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. எந்த மருந்தும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "பாப்பா, கீழ்க்காட்டுல யாரோ முனிக்கு நேர்ந்துக்கிட்டு மஞ்ச கட்டிட்டுப் போயிருக்காங்க. ஒரு மரத்துக்கு இல்ல, வரிசையா அத்தன மரத்துக்கும். நாங்க யாரும் அதுல கத்தி வைக்கிறதில்ல."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய மங்குகளில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. மரத்தடியில் எலுமிச்சம்பழம், எரிந்த சூடம், ஒரு சுருட்டு. கத்தியே படாத பட்டையில் பூஞ்சை எப்படி வரும்? பாதி மழைக்காலம் பாழாகியிருந்தது.

நாடாக்களைப் பிய்த்துப் போட்டேன். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பதறிக்கொண்டு வந்தார். "கட்டுனத அவுத்தா இன்னும் மோசம் லா, தங்கச்சி. எங்கள வெட்டச் சொல்லாத. எல்லாரும் பிள்ளகுட்டிக்காரங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய ஆள்மேல் வந்தது. திரும்பிப் போய் மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"உங்க ஆளுங்க கெடுத்துட்டாங்க. வேற தலைப்பு எடுத்துக்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

தப்பு தன்னுடையது என்று ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த வருஷம் எனக்கு உபகாரச் சம்பளம் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்தேன். யாரும் வெட்டாவிட்டால் நானே வெட்டிக்கொள்கிறேன் என்று அம்மாவின் பழைய கத்தியை எடுத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத நீ தொடக்கூடாதுன்னுதானடி நான் இத்தன வருஷமா தொட்டேன்!"

கத்தினார், அழுதார், சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. பள்ளி விடுமுறைகளில் அம்மாவுக்கு ஒத்தாசை செய்து பழகிய கைதான். மீதி மழைக்காலம் முழுவதும், மழை விட்ட காலைகளில் எல்லாம், இருட்டோடு எழுந்து கொசுக்கடியில் நானே பால் வெட்டினேன். கறுப்புக் கோடு வந்தது. மருந்து பூசிய மரங்களிலும் வந்தது, கொஞ்சம் குறைவாக. அவர் மாநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக இருந்த மருந்தின் லட்சணம் அவ்வளவுதான்.

ஆய்வேட்டில், "மரங்களில் ஆய்வாளரே பால் வெட்டினார்" என்று எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு, "தோட்டக் கூலிகள் வெட்டினர்" என்று மாற்றினார். நான் மறுபடியும் பழையபடியே எழுதிக் கொண்டுபோனேன்.

"மாஸ்டர் டிகிரி வாங்கப் போற பொண்ணு, பால் வெட்டினேன்னு எழுதுவாளா? உனக்கு வெட்கமா இல்ல?"

"உங்களுக்கு ஏன் சார் வெட்கமா இருக்கு?"

அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அந்த வரி அப்படியே அச்சேறியது.

பட்டம் கிடைத்தது. கெட்டி அட்டை போட்ட ஆய்வேட்டை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியைத் தமிழில் சொன்னேன். அதற்காக எப்படிச் சண்டை போட்டேன் என்பதையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அம்மா ஆய்வேட்டை மூடினார். பக்கத்து வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத மட்டும் எடுத்துடச் சொல்லு, பாப்பா. யாராச்சும் படிச்சிடப் போறாங்க."

அம்மாமேல் இல்லை, அந்த ஆள்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.