தளர்ந்த திருகு

மலேசியாவின் ராவாங்கில் தொழிற்சாலை வேலை பார்த்த தனபாலன் 1986இல் முதன்முறையாகத் துப்பாக்கி சுடும் போட்டியில் இறங்கினார். மேசைமேல் இரும்பு முக்காலி, அதன்மேல் மணல் பை, அதில் துப்பாக்கியின் முன்பகுதியை வைத்துச் சுட வேண்டும்.

முதல் குண்டு நடுவில் பாய்ந்தது. அடுத்த இரண்டும் விலகின. முக்காலியின் ஒரு காலில் திருகு தளர்ந்து, விசையை அழுத்தும்போதே குறி அசைந்தது.

துப்பாக்கியைக் காலி செய்து ஓரமாக வைத்துவிட்டு, திருகை விரலால் முறுக்கினார். அது பிடிக்கவில்லை. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.

பின்னால் நின்ற மைத்துனர் உமாபதி பதறினார். “மச்சான், நேரம் ஓடுது. அப்படியே சுடுங்க லா.”

“ஆடுற கால வச்சு எப்படிடா சுடுறது?”

பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த ஈஜோக் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நாராயணசாமி, திரும்பிப் பார்க்காமலே தன் ஸ்பேனரை நகர்த்திவிட்டார். தனபாலன் திருகை இறுக்கி, முக்காலியின் கூர்முனைகள் பலகையில் பதியும்வரை உடம்பால் அழுத்தினார். மிச்சக் குண்டுகளைச் சுட்டு முடித்ததும் மணி அடித்தது.

அவை எல்லாம் ஒரே ஓட்டையில் விழுந்திருந்தன. விலகிய இரண்டால் பரிசு கிடைக்கவில்லை. வென்ற நாராயணசாமியிடம் தனபாலன் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார்.

“அடுத்த தடவ நீங்களே ஒண்ணு கொண்டாங்க,” என்றார் கிராணி.