இழுப்பவர்களின் தோள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எலும்பு மருத்துவத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் அது குறையவில்லை. செங்கல்பட்டில் அன்று காலை என் எதிரே உட்கார்ந்திருந்த புதுப்பட்டினத்து மீனவரிடம் அதை முழுசாகக் காட்டினேன். அவர் வலது தோளில் அறுந்துபோன தசைநாணை எலும்போடு சேர்த்து நான்கு மாதத்துக்கு முன் தைத்தவள் நான். ஸ்கேனில் அது மறுபடி அறுந்திருந்தது.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, வெயிட் தூக்காதேன்னு! கேட்டியா?”

“கடலம்மா மேல சத்தியமா தூக்கலம்மா. தண்ணிக் கொடத்தக்கூட எம் பொண்டாட்டிதான் தூக்கினா. நீ இன்னா சொன்னியோ அதத்தான் செஞ்சுகினு இருந்தேன்.”

பொய் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் ஆராய்ச்சியிலும் இதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. தோள் தைப்பதில் இரண்டு முறைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸ் வேலைக்காரர்களுக்கு எப்படித் தைத்தாலும் நின்றது. மீனவர்களுக்கு எப்படித் தைத்தாலும் பிரிந்தது. நூலைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கையையே சந்தேகப்பட்டேன்.

“அப்புறம் என்னதான்யா செஞ்ச?”

“ஒண்ணும் செய்யலம்மா. போட் எஞ்சினு கெளப்புற கயிறுதான் இழுத்தேன். மூணாவது வாரத்துலேந்து.”

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். “அதுல வெயிட்டு எங்கம்மா கீது? ஒரு கயிறுதானே?”

அன்று மாலை, ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கொடுக்கும் அச்சுத்தாளை எடுத்துப் படித்தேன். நான் எழுதியதுதான். பக்கெட் தூக்காதீர்கள், தலை வாராதீர்கள், ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள், பரணிலிருந்து பெட்டி இறக்காதீர்கள். இழுப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு எழுதியதைக் கடலுக்குப் போகிறவர்கள் கையில் திணித்துவிட்டு, அவர்களையே திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய் அவர் படகின் எஞ்சின் கயிற்றை நானே இழுத்துப் பார்த்தேன். பழைய எஞ்சின், ஏழெட்டு இழுப்புக்குக் குறைந்து கிளம்பாது. மூன்றாவது இழுப்பிலேயே தோள் கழன்றுவிடும்போல வெட்டியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “டாக்டரம்மாவுக்கே பேஜாராப் பூடுச்சு பாரு!” சிரிக்கட்டும் என்று, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை வாங்கிக் கயிற்றில் கட்டி ஒவ்வொரு இழுப்பையும் நோட்டில் குறித்தேன். பிறகு ஒரு ஞாயிறு விடாமல் மாமல்லபுரம் வரையுள்ள குப்பங்களுக்குப் போய் மற்ற படகுகளிலும் அளந்தேன். சக மருத்துவர்கள் “மீன் வாங்கவா மேடம்?” என்றார்கள். ஆமாம் என்றேன்.

அந்த மீனவருக்கு இரண்டாவது முறை தைக்க முடியும். அதுவும் பிரிந்தால் மூன்றாவது கிடையாது, கை தோளுக்கு மேல் எழும்பாது, கடலை மறக்க வேண்டியதுதான். அதை அப்படியே சொன்னேன். ஆறு மாதம் கயிற்றைத் தொடக் கூடாது என்றும் சொன்னேன்.

“எங் கைய வுட்டா அந்த எஞ்சினு யாருக்கும் கெளம்பாதும்மா. படகக் கரையிலியே போட்டுடறதா?”

அவரோடு வந்திருந்த மச்சான்தான் படகில் கூட்டாளி. அவரைப் பார்த்து, “நீ இழுத்துக் கிளப்பிக் காட்டு. அப்புறம்தான் ஆபரேஷன்” என்றேன்.

டிரம் தண்ணீரில் எஞ்சினை இறக்கி வைத்து ஒரு வாரம் கரையில் பயிற்சி நடந்தது. இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று வாயாலேயே இழுத்தார். “கோலமா போடற மச்சான்? வெடுக்குனு இழு!” எட்டாம் நாள் எஞ்சின் உறுமியது. மறுவாரம் தைத்தேன்.

ஆறு மாதம் கழித்து ஸ்கேன் பார்த்தபோது தசைநாண் எலும்பை விடாமல் பிடித்திருந்தது. கையைத் தூக்கச் சொன்னேன். காதோடு ஒட்டி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இன்னாம்மா, எனக்கு நல்லாயிட்டா நீ அழுவுற?” என்று கேலி செய்தார்.

அவருக்குப் பின்னால் மச்சான் நின்றிருந்தார். இடது கையால் தன் வலது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

“ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. ஒரு மாசமா லேசா வலி கீது, அவ்ளோதான்.”

இழு என்று சொன்னவள் நான்தான். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

“சட்டையைக் கழட்டு” என்றேன்.